வெண்கலத் தேனீக்கள்

ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் நாள் உரோமை நகர் விழாக்கோலம் பூணுகின்றது. திருத்தூதர்களான பேதுருவும் பவுலும் அந்நகரின் பாதுகாவலர்கள். கோடை முற்றத் தொடங்கும் வேளையில் வரும் அவர்களுடைய பெருவிழா அந்நகர மக்களுக்கு விடுமுறை நாள். அன்று புனித பேதுரு பேராலயத்தினுள் நுழைவோரின் கண்ணைக் கவர்வது பேதுருவின் வெண்கலத் திருவுருவம். நூற்றாண்டுக் கணக்காகத் திருப்பயணிகள் தொட்டுத் தொட்டு அதன் வலப்பாதம் விரல்கள் தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அந்தத் திருவுருவத்துக்குச் செந்நிறத் திருமேலாடையும் தலையில் மும்முடியும் அணிவித்து அன்று அழகு செய்கின்றனர். அதனைக் கடந்து பேராலயத்தின் நடுவிடத்தை அடைந்து தலையை உயர்த்திப் பார்த்தால், தேனீக்கள் தென்படுகின்றன.

ஆம், தேனீக்களே. நான்கு திருகு தூண்கள் தாங்கி நிற்கும் மாபெரும் வெண்கல விதானம் ஒன்று அங்கே உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 29 மீட்டர். அதற்குக் கீழே திருத்தந்தைக்கென ஒதுக்கப்பட்ட பலிபீடம். அதற்கும் கீழே புனித பேதுருவின் கல்லறை. விழா நாள்களில் தெருவில் கட்டும் பட்டுப் பந்தலைப் போலவே வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அவ்விதானத்தின் விளிம்பில் தொங்கல்களும் குஞ்சங்களும் காற்றில் அசைவன போல் அமைந்துள்ளன. அத்தொங்கல்களில் பெரும் தேனீக்கள் இறக்கை விரித்து அமர்ந்திருக்கின்றன. தூண்களைச் சுற்றி ஏறும் லாரல் இலைகளுக்கிடையிலும் அவை மொய்க்கின்றன. தூண்களின் பளிங்குப் பீடங்களில் உள்ள கேடயங்களிலும் மேலே இரண்டு, கீழே ஒன்று என மும்மூன்று தேனீக்கள்.

திருத்தூதரின் கல்லறைமேல் தேனீக்கள் எதற்கு? திருமறை நூலை அறிந்த நம் உள்ளத்தில் உடனே பக்தியான விடைகள் எழலாம். சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேன் கண்டதை நினைக்கலாம். பறப்பனவற்றுள் சிறியதாயினும் இனிமையில் தேனீயின் விளைச்சலே தலையாயது எனச் சீராக்கின் ஞான நூல் கூறுவதையும் நினைக்கலாம். ஆனால், உண்மை விடை அவ்வளவு பக்தியானதன்று. அத்தேனீக்கள் ஒரு குடும்பத்தின் சின்னம். அக்குடும்பத்தின் பெயர் பர்பெரினி.

தோஸ்கானா நாட்டில் பர்பெரினோ என்னும் சிற்றூரிலிருந்து புளோரன்சு நகருக்குக் குடியேறி, வாணிகத்தால் வளம் பெற்ற குடும்பம் அது. முன்னாளில் அவர்களுக்கு வேறொரு பெயர் இருந்தது என்பர். அது தபானி. அம்மொழியில் தபானோ என்றால் கால்நடைகளைக் கடித்துத் துன்புறுத்தும் மாட்டு ஈ. குடும்பச் சின்னத்திலும் முதலில் மாட்டு ஈக்களே இருந்தன என்பது மரபு. செல்வமும் மதிப்பும் வளர வளர அந்தப் பெயர் உறுத்தியது போலும். தாங்கள் பிறந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டனர். மாட்டு ஈக்கள் தேனீக்கள் ஆயின. நீல நிறக் கேடயத்தில் மூன்று பொன்னிறத் தேனீக்கள்: கடிப்பது போய்த் தேன் தருவது வந்தது. பெயரை மாற்றுவது எளிது. பெயருக்கேற்ப வாழ்வது அரிது. பின்னர் நிகழ்ந்தவற்றை எண்ணும்போது இந்த மாற்றம் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

அக்குடும்பத்தில் 1568-ஆம் ஆண்டு பிறந்தவர் மப்பேயோ பர்பெரினி. சட்டம் பயின்றவர், இலத்தீனில் கவிதை புனையும் ஆற்றலுடையவர், கலைஞரையும் அறிஞரையும் அரவணைத்தவர். 1623-ஆம் ஆண்டு ஜூலையில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இறைவனடி சேர்ந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் கூடினர். உரோமையின் கொடிய கோடை. காய்ச்சல் பரவும் காலம். தேர்தலுக்குக் கூடியவர்களில் பலர் நோயில் விழுந்தனர். அந்நாள்களில் தேனீக் கூட்டம் ஒன்று பறந்து வந்து வத்திக்கான் மாளிகையினுள் புகுந்தது என்று பிற்பாடு ஒரு செய்தி வழங்கியது. ஆகஸ்டு 6-ஆம் நாள் மப்பேயோ பர்பெரினி தேர்ந்தெடுக்கப்பட்டு எட்டாம் அர்பன் என்னும் பெயர் ஏற்றார். தேனீக்கள் வந்த கதை நடந்ததோ, தேர்தலுக்குப் பின் புனையப்பட்டதோ, அதனை நம்பவும் பரப்பவும் அன்று மக்கள் ஆயத்தமாய் இருந்தனர். தூய ஆவியாரின் செயலுக்குப் புறாவோடு தேனீயும் சான்று பகரும் என்று அக்காலம் எண்ணியது.

புதிய திருத்தந்தை முதலில் தொடங்கிய பெரும் பணிகளுள் ஒன்று இவ்விதானம். 1624-இல் அதனை அவர் ஒப்படைத்தது 25 வயதே நிரம்பிய சிற்பி யான் லொரென்சோ பெர்னீனியிடம். முதலாம் கான்ஸ்தந்தீன் மன்னர் கட்டிய பழைய பேராலயத்தில் திருகு வடிவப் பளிங்குத் தூண்கள் இருந்தன. அவை சாலமோனின் கோவிலிலிருந்து வந்தவை என்று மக்கள் நம்பினர். அத்தூண்களின் வடிவையே பெர்னீனி பன்மடங்கு பெருக்கி வெண்கலத்தில் வார்த்தார். கட்டடக் கலையில் வல்லவரான பொரோமினியும் அப்பணியில் துணை நின்றார். செலவு ஏறத்தாழ 2,00,000 ஸ்கூதி. அது திருத்தந்தையின் ஆட்சிப்பகுதி ஈட்டிய ஓராண்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கு என மதிப்பிடப்பட்டுள்ளது.

அவ்வளவு வெண்கலத்துக்கு எங்கே போவது? உரோமைப் பேரரசின் காலத்தில் எழுந்த பாந்தியோன் என்னும் கோவில் 609-ஆம் ஆண்டு முதல் மரியன்னைக்கும் மறைச்சாட்சியருக்கும் நேர்ந்தளிக்கப்பட்ட கிறிஸ்தவ ஆலயமாக விளங்கி வருகின்றது. அதன் முகமண்டபத்தின் கூரையைத் தாங்கிய பழங்கால வெண்கல உத்தரங்களை 1625-இல் அர்பன் கழற்றச் செய்தார். அவற்றின் பெரும்பகுதி வானதூதர் கோட்டைக்குப் பீரங்கிகளாக வார்க்கப்பட்டது. விதானத்துக்கு எவ்வளவு சென்றது என்பதில் வரலாற்று அறிஞர் கருத்து வேறுபடுவர். உரோமை மக்கள் அதை எளிதில் மன்னிக்கவில்லை. நகரைக் கொள்ளையிட்ட அந்நிய முரடர்கள்கூடச் செய்யாததைப் பர்பெரினியர் செய்து முடித்தனர் என்று நையாண்டித் துண்டுகள் எழுதி ஒட்டினர். பயனற்றுக் கிடந்த உலோகம் திருத்தூதரின் கல்லறைக்கு அணியாகவும் நகருக்குக் காவலாகவும் ஆயிற்று என்று திருத்தந்தை அம்மண்டபத்தில் கல்வெட்டு ஒன்று பொறித்து வைத்தார். கல்வெட்டு நிலைத்தது, நையாண்டியும் நிலைத்தது.

இதே ஆண்டுகளில் உரோமையின் வேறொரு மூலையில் தேனீக்கள் வேறொரு வகையில் புகழ் பெற்றன. கலிலேயோ கலிலேயி 1624-இல் தாம் செய்த சிறு உருப்பெருக்கிக் கருவி ஒன்றை இளவரசர் பெடெரிக்கோ சேசிக்கு அனுப்பினார். சேசி நிறுவிய லிஞ்சேய் அறிஞர் கழகத்தில் கலிலேயோவும் உறுப்பினர். அக்கழகத்தைச் சேர்ந்த ஜொவான்னி பாபெர் என்பவரே மறு ஆண்டில் அக்கருவிக்கு இன்று நாம் வழங்கும் மைக்ராஸ்கோப் என்னும் பெயரைச் சூட்டினார். அதன் கீழ்க் கழகத்தினர் வைத்துப் பார்த்தது எதை? தேனீயை. திருத்தந்தையின் சின்னமாயிற்றே! பிரான்செஸ்கோ ஸ்தெல்லூத்தி தேனீயின் கண், நாக்கு, கால், கொடுக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1625-ஆம் யூபிலி ஆண்டில், பெருக்கி வரைந்த மூன்று தேனீக்களைப் பர்பெரினிச் சின்னத்தின் அமைப்பிலேயே கேடய வடிவில் அச்சிட்டு எட்டாம் அர்பனுக்குக் காணிக்கையாக்கினர். நுண்ணோக்கியின் துணையால் வரைந்து அச்சேறிய முதல் படங்கள் என்று அறிவியல் வரலாறு கூறுவது இவற்றையே.

இறைவன் படைத்த சிற்றுயிரின் கண்ணில் அடங்கியுள்ள கைத்திறனைக் கண்டு திருத்தந்தையும் மகிழ்ந்திருப்பார். கலிலேயோவும் அவரும் அப்போது நண்பர்கள். கலிலேயோவைப் புகழ்ந்து 1620-இல் மப்பேயோ பர்பெரினி இலத்தீனில் கவிதை எழுதியிருந்தார். கலிலேயோ தம் நூலொன்றை 1623-இல் புதிய திருத்தந்தைக்குக் காணிக்கையாக்கினார். அதன் முகப்புப் பக்கத்திலும் மூன்று தேனீக்கள் அமர்ந்திருந்தன. 1624-இல் உரோமைக்கு வந்த கலிலேயோவைத் திருத்தந்தை ஆறு முறை தனியே சந்தித்து உரையாடினார்.

ஆனால், கண்ணாடி வில்லைகளைக் கீழ்நோக்கித் திருப்பித் தேனீயைப் பார்த்ததை வரவேற்ற அதே கரம், அவற்றை மேல்நோக்கித் திருப்பி வானத்தைப் பார்த்ததன் முடிவுகளைத் தடுத்தது. 1632-இல் கலிலேயோவின் உரையாடல் நூல் வெளிவந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கருத்துக்கு அந்நூல் வலுச் சேர்த்தது. திருத்தந்தையின் வாதத்தை அறிவிற் குறைந்தவனாகத் தோன்றும் உரையாடல் பாத்திரத்தின் வாயில் ஆசிரியர் வைத்துவிட்டார் என்று அவர் மனம் புண்பட்டது. விசாரணை நடந்தது. 1633 ஜூன் 22-ஆம் நாள், மினெர்வா மரியன்னை ஆலயத்தையொட்டிய துறவு மடத்தில், 69 வயது முதியவர் முழந்தாளிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக உறுதி கூறினார். தீர்ப்பளித்த கர்தினால்மார் பத்துப் பேரில் மூவரின் கையொப்பம் அத்தீர்ப்பில் இல்லை. அம்மூவருள் ஒருவர் திருத்தந்தையின் அண்ணன் மகன் கர்தினால் பிரான்செஸ்கோ பர்பெரினி.

அவ்வாண்டு அதே ஜூன் மாத இறுதியில், பேதுரு பவுல் பெருவிழாவையொட்டி, பெர்னீனியின் விதானம் திறந்து வைக்கப்பட்டது. ஒரே நகர், ஒரே வாரம். ஓரிடத்தில் முதியவர் ஒருவரின் தாழ்ந்த தலை. வேறோரிடத்தில் பொன் பூசிய வெண்கலத் தேனீக்களின் ஒளி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அவ்விழாவின் வரலாற்றை நாம் நேர்மையுடன் சொல்ல இயலாது.

தேனீக்கள் பேராலயத்தோடு நிற்கவில்லை. நகரெங்கும் பறந்தன. பர்பெரினி மாளிகையின் பெருங்கூடத்து மேற்கூரையில் பியெத்ரோ தா கொர்தோனா 1639 வரை பல்லாண்டு உழைத்து மாபெரும் ஓவியம் ஒன்று தீட்டினார். அதன் நடுவில் விண்ணக வெளியில், லாரல் வளையத்துக்குள், ஆளுயரத் தேனீக்கள் பறக்கின்றன. அவ்வோவியம் சொல்வது இறைப்பராமரிப்பின் வெற்றியை. ஆனால், கண்டு வெளிவருவோரின் மனத்தில் நிற்பதோ அக்குடும்பத்தின் வெற்றியே. 1949-இல் இத்தாலிய அரசு அம்மாளிகையை விலைக்கு வாங்கியது. ஒரு குடும்பம் தனக்காக எழுப்பிய கூடத்தில் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் அண்ணாந்து பார்க்கலாம்.

அக்குடும்பம் பெருகியதும் அவ்வாறே. திருத்தந்தையின் சகோதரர் ஒருவரும், அண்ணன் மகன் இருவரும் கர்தினால்கள் ஆயினர். மற்றொரு அண்ணன் மகன் ததேயோவுக்குப் பலெஸ்த்ரீனா என்னும் ஊர் விலைக்கு வாங்கப்பட்டு, அவர் அதன் இளவரசர் ஆனார். பதவிகளும் மானியங்களும் அவர்கள்மேல் மழையெனப் பொழிந்தன. முதுமையில் திருத்தந்தையின் மனச்சான்று அவரை உறுத்தியது. உறவினருக்கு அளித்தவை முறையானவைதாமா எனக் கூறும்படி இறையியலார் சிலரைக் கேட்டார். அவர்கள் அவருக்கு ஆறுதலான விடையே அளித்தனர். அதிகாரத்தில் இருப்போர் கேட்கும் கேள்விகளுக்கு ஆறுதலான விடைகள் கிடைப்பது எக்காலத்தும் எளிது. 1641-இல் பர்மா நாட்டுக் கோமகனோடு கஸ்த்ரோ என்னும் சிறு நிலப்பகுதிக்காகப் போர் மூண்டது. மூன்றாண்டுப் போரில் கருவூலம் வற்றியது, வரிகள் ஏறின. முடிவில் கைப்பற்றிய நிலத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

போர் முடிந்த 1644-ஆம் ஆண்டிலேயே பெர்னீனி நகரின் ஒரு மூலையில் சிறு நீரூற்று ஒன்றை அமைத்தார். விரிந்த சிப்பி, அதன் கீழிதழில் நீர் பருக வந்தவை போல் மூன்று தேனீக்கள். வழிப்போக்கரும் குதிரைகளும் நீர் அருந்துவதற்கென எழுந்தது அது. திருத்தந்தையின் ஆட்சியின் இருபத்திரண்டாம் ஆண்டில் எழுப்பப்பட்டது என்று அதில் பொறித்தனர். உண்மையிலோ இருபத்திரண்டாம் ஆண்டு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஆட்சியைத் தின்றது போதாதென்று காலத்தையும் திருடுகிறார்கள் என மக்கள் முணுமுணுத்தனர். எண்ணின் கடைசிக் கோட்டைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள் என்று கதை தொடர்கின்றது. எவ்வாறாயினும் எட்டாம் அர்பன் அந்த ஆண்டைக் காணவில்லை. 1644 ஜூலை 29-ஆம் நாள் அவர் இறந்தார். இருபத்திரண்டாம் ஆண்டு பிறக்க எட்டு நாள்கள் இருந்தன. அவரை எழுப்பிய கோடையே அவரைக் கொண்டும் சென்றது.

அடுத்து வந்த பத்தாம் இன்னொசென்ட் கணக்குக் கேட்டார். அண்ணன் மக்கள் பிரான்சுக்குத் தப்பி ஓடினர். ததேயோ 1647-இல் பாரிசிலேயே மாண்டார். தேன்கூடு கலைந்தது.

அவ்வாண்டில்தான் எட்டாம் அர்பனின் கல்லறைச் சிற்பமும் பேராலயத்தில் நிறைவு பெற்றது. அதனைச் செய்தவரும் பெர்னீனியே. மேலே திருத்தந்தை கையுயர்த்தி ஆசி வழங்குகின்றார். கீழே இறக்கை முளைத்த எலும்புக்கூடாகச் சாவு அமர்ந்து, ஒரு நூலில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கின்றது. அக்கல்லறைமேலும் தேனீக்கள் உண்டு. ஆனால், கேடயத்துக்குள் மும்மூன்றாய் அணிவகுத்த தேனீக்கள் அல்ல. ஒன்று இங்கே, மற்றொன்று அங்கே எனச் சிதறி, மேல்நோக்கி ஏறுகின்றன. பர்பெரினியரை விரும்பாத ஒருவர் அதைக் கண்டு, குடும்பம் சிதறியதைத்தான் இப்படிக் காட்டினீரோ என்று பெர்னீனியிடம் குத்தலாகக் கேட்டாராம். சிதறிய தேனீக்கள் மணியோசை கேட்டால் மீண்டும் கூடிவிடும் என்று அவர் விடையளித்தாராம். திருத்தந்தை ஒருவரின் மறைவை உரோமை நகருக்கு அறிவிப்பதும் ஒரு மணியோசையே. சிற்பியின் சொல்லில் நகையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

இவ்வளவும் சொன்னபின், எட்டாம் அர்பனை இத்துடன் எடைபோட்டு முடித்துவிடுவோமாயின் நாம் நீதி செய்தவர்கள் ஆகோம். மறைபரப்பு நாடுகளின் இளைஞர்களைக் குருக்களாக உருவாக்க 1627-இல் உரோமையில் கல்லூரி ஒன்றை நிறுவியவர் அவரே. அவர் பெயரையே தாங்கிய அக்கல்லூரி, இன்று உலகெங்குமிருந்து குருமாணவர் சென்று பயிலும் அர்பன் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. கோவாவில் குருப்பட்டம் மறுக்கப்பட்ட மத்தேயு தெ காஸ்த்ரோ என்னும் இந்தியர், அர்பனின் ஆட்சியில் உரோமையில் பயின்று குருவானார். 1637-இல் அங்கேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயர் என்னும் சிறப்பைப் பெற்றார். அதே காலத்தில்தான் மதுரையில் தத்துவ போதகர் தம் பணியை ஆற்றிக்கொண்டிருந்தார். 1639-இல் பராகுவே, பிரேசில் முதலிய நாடுகளின் தொல்குடி மக்களை அடிமையாக்குவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று ஆணை பிறப்பித்தவரும் இவரே. கொடுக்கும் தேனும் ஒரே ஈயில் இருப்பது போல, குற்றமும் கொடையும் ஒரே மனிதரில் குடியிருந்தன. நம்முள் யாரிடம் அப்படி இல்லை?

திருச்சபையும் தன் தவறுகளோடு உறங்கிவிடவில்லை. மெல்லவே எனினும் எழுந்தது. 1692-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட், திருத்தந்தையர் தம் உறவினருக்குச் சொத்தும் பதவியும் வாரி வழங்குவதைத் தடை செய்தார். 1992 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவியல் கழகத்தினர் முன் உரையாற்றி, கலிலேயோவை விசாரித்த இறையியலார் தவறினர் என்பதை ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 360 ஆண்டுகள் கழிந்திருந்தன. நீண்ட காலம்தான். எனினும் உண்மையின் முன் தலைவணங்கும் திருச்சபையைக் கண்டு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நன்றி கூறவே வேண்டும்.

இப்போது நாம் தேனீயிடமே திரும்புவோம். பர்பெரினியர் தேனீயைத் தமதாக்கிக்கொள்ளும் முன்னரே திருச்சபை அதனைத் தனதாக்கியிருந்தது. குழந்தையாய் உறங்கிய புனித அம்புரோசின் வாயில் தேனீக்கள் வந்து அமர்ந்தன என்பது பழங்கதை. தேன் வளர்ப்போரின் பாதுகாவலராக அவரை மக்கள் போற்றுகின்றனர். அதனினும் மேலான சான்று பாஸ்கா திருவிழிப்பில் உள்ளது. விளக்குகள் அணைந்த ஆலயத்தில் புதுத் தீயினால் ஏற்றிய பாஸ்கா திரியின் முன் திருத்தொண்டர் நின்று பாஸ்கா புகழுரையைப் பாடுகின்றாரன்றோ? அதன் இலத்தீன் மூலம் அத்திரியைத் தேனீக்களின் உழைப்பால் விளைந்த காணிக்கை எனப் போற்றுகின்றது. பதினோராம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் அப்புகழுரையை நீண்ட தோல் சுருள்களில் எழுதினர். திருத்தொண்டர் பாடப் பாட அச்சுருள் மேடையிலிருந்து மக்கள் பக்கம் இறங்கும். எழுத்தறியாத மக்கள் காண்பதற்கென அதில் படங்களைத் தலைகீழாக வரைந்தனர். அப்படங்களுள் பூக்களை நாடிப் பறக்கும் தேனீக்களும், தேனடை எடுக்கும் உழவரும் உண்டு. அங்கே தேனீக்கள் யாருடைய குடும்பச் சின்னமும் அல்ல.

மெழுகு எங்கிருந்து வருகின்றது? தேனைப் போல் அது மலரிலிருந்து சேர்த்து வந்தது அன்று. பணி செய்யும் தேனீ தன் வயிற்றின் அடிப்புறச் சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதில்களாக அதைச் சுரக்கின்றது. தன் உடலையே உருக்கி அது கூடு கட்டுகின்றது. ஆகவேதான் இடைக்கால அறிஞர் திரியின் மெழுகில் ஆண்டவர் இயேசுவின் திருவுடலையும், நூலில் அவருடைய ஆன்மாவையும், சுடரில் அவருடைய இறைத்தன்மையையும் கண்டனர். கோடைக்காலத்தில் அத்தேனீ வாழ்வது ஏறத்தாழ ஆறு வாரங்கள். அதன் வாழ்நாள் உழைப்பில் சேரும் தேன் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தான் சேர்த்த தேனைப் பெரும்பாலும் அது உண்பதில்லை. வரவிருக்கும் குளிர்காலத்துத் தேனீக்களே உண்ணும். இன்னொன்றும் உண்டு. அர்பனின் காலத்தில் தேன்கூட்டை ஆள்பவர் ஓர் அரசர் என்றே பலரும் எண்ணினர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்து நாட்டு யான் ஸ்வாமர்தாம் நுண்ணோக்கியின் கீழ் அவ்வரசரைப் பிளந்து பார்த்தபோது உள்ளே கண்டது சூலகத்தில் சேர்ந்த முட்டைகளை. அரசர் எனக் கருதப்பட்டவர் ஒரு தாய்!

வியப்பு யாதெனில், பேராலய விதானத்தின் அடியிலும் ஒரு தாய் இருக்கின்றார். தூண்களின் பளிங்குப் பீடங்களில் தேனீக் கேடயங்கள் எட்டு உள்ளன என்றோம். அவற்றின் உச்சியைச் சுற்றி வந்து உற்று நோக்கினால், ஒரு பெண்ணின் முகம் கேடயத்துக்குக் கேடயம் மாறக் காணலாம். அமைதி வேதனையாகின்றது, வேதனை அலறலாகின்றது. எட்டாம் கேடயத்தில் அந்தப் பெண் இல்லை. சிரிக்கும் குழந்தையின் முகம் மட்டுமே உள்ளது. பேறுகால வேதனைதான் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றது. திருத்தந்தையின் குடும்பப் பெண் ஒருவர் நலமாய்ப் பிள்ளை பெற்றதற்கு நன்றியாக அமைந்தது என்று ஒரு கதை. வேதனையுற்று மக்களைப் பெற்றெடுக்கும் திருச்சபைத் தாயின் உருவம் என்று மற்றொரு விளக்கம். பிள்ளை பிறந்தபின் தாய் தன் வேதனையை நினையாள் என்று இறுதி இரவில் ஆண்டவர் கூறியதை அறிந்த நமக்கு, இரண்டாவது விளக்கமே நெஞ்சில் தங்குகின்றது.

2024 பிப்ரவரியில் இவ்விதானத்தைச் சுற்றிச் சாரம் எழுந்தது. 2025-ஆம் யூபிலிக்கு முன்னேற்பாடாக, கொலம்பஸ் வீரர் சபையின் பொருளுதவியுடன், 1758-க்குப் பின் முதன்முறையாக முழுமையான சீரமைப்பு நடந்தது. நூற்றாண்டுகளாகப் படிந்த தூசும், பெருங்கூட்டத்தின் மூச்சில் கலந்த ஈரமும் வெண்கலத்தைக் கறுக்கச் செய்திருந்தன. கைவினைஞர் சாரத்தில் ஏறி, பஞ்சும் மருந்தும் கொண்டு தேனீக்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தனர். 2024 அக்டோபர் 27-ஆம் நாள், ஆயர் மாமன்றத்தின் நிறைவுத் திருப்பலியில், மக்கள் மீண்டும் அந்தப் பொன்னொளியைக் கண்டனர். கீழே நின்று பார்ப்போரில் எத்தனை பேருக்கு இன்று பர்பெரினி என்னும் பெயர் தெரியும்? தெரியாதவர் அங்கே காண்பது தேனீயை மட்டுமே. தேனீ மீண்டும் தேனீயாகிவிட்டது. ஒரு குடும்பம் தன் பெயர் நிலைக்க வேண்டுமென்று வைத்த சின்னம், அப்பெயரை உதறிவிட்டு, தன் பழைய பொருளுக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றது.

நம் பங்கு ஆலயங்களிலும் மின்விசிறியின் இறக்கையிலும், குழல் விளக்கிலும், பீடப்படியிலும் ‘உபயம்’ என்று எழுதிப் பெயர் பொறிக்கின்றோம். நம்முடையவை சிறிய தேனீக்கள். கொடுப்பது நன்றே, பெயரையும் சேர்த்துக் கொடுக்கும்போது, எவருடைய இல்லத்தில் எவருடைய பெயரை எழுதுகின்றோம் என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பது அதனினும் நன்று. பாஸ்கா திரியில் எந்தத் தேனீயின் பெயரும் இல்லை. ஆயினும், ஆலயம் முழுவதற்கும் ஒளி அதிலிருந்தே பிறக்கின்றது.

அடுத்த ஜூன் 29-ஆம் நாள் நம் ஆலயங்களில் பேதுரு பவுல் பெருவிழாத் திருப்பலியில் பங்கு பெறும்போது, தொலைவில் அந்த விதானத்தின் அடியில் உறங்கும் மீனவரை நினைப்போம். சிறுகுடும்பத்தில் பிறந்து, ஆண்டவரை மும்முறை மறுதலித்து, அழுது, மன்னிப்புப் பெற்று, தலைகீழாய்ச் சிலுவையில் அறையப்பட்டவர் எனத் திருச்சபை மரபு போற்றும் அவருக்கு எந்தக் குலச்சின்னமும் இருந்ததில்லை. அவர்மேல் இத்தனை நூற்றாண்டுகளாக வெண்கலத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருக்கின்றன. தேன் அங்கேதான் இருக்கின்றது என்பதை அவையேனும் அறிந்திருக்கின்றன போலும்.